உறையின் மேல் எழுதப்பட்ட சாதி: குறியாக்கம் மறைக்கத் தவறுவது எதை?

கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. உறையின் மேல் ‘காலனி’ என்றிருந்தால் போதும். பெறுபவர் எந்தச் சமூகத்தவர் என்பது ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். முகவரியே சாதியைக் காட்டிக்கொடுக்கும் இதே சிக்கல் கணினிக் குறியாக்கத்திலும் உண்டு. நம் ஆவணங்கள் மின்வடிவம் பெற்றுவரும் இக்காலத்தில் அதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

வழக்கமான குறியாக்கத்தில் ஒரு கோப்பை யாருக்கு அனுப்புகிறோமோ அவரது திறவுகோலைக் கொண்டு பூட்டுகிறோம். பண்பு அடிப்படையிலான குறியாக்கம் இதிலிருந்து வேறுபட்டது. 2005இல் அமித் சகாய், பிரென்ட் வாட்டர்ஸ் ஆகியோர் இதற்கு அடித்தளமிட்டனர். 2007இல் ஜான் பெத்தன்கோர்ட்டுடன் இணைந்து அவர்கள் வெளியிட்ட முறையில், கோப்பைப் பூட்டுபவரே ஒரு விதியை வகுக்கிறார். ‘வழக்கறிஞராகவும் இருக்க வேண்டும், இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும்’ என்பது போன்றது அவ்விதி. ஒவ்வொருவரின் பண்புகளும் அவரது திறவுகோலில் கணித வடிவில் பொதிந்திருக்கும். விதி பொருந்தினால் கோப்பு திறக்கும். ஒருவரிடம் ஒரு பண்பும் மற்றவரிடம் மற்றொன்றும் இருந்தால், இருவரும் கூட்டுச் சேர்ந்தாலும் திறக்க முடியாது.

இம்முறையின் வலிமை பெரிது. ஓட்டையும் அங்கேயே உள்ளது. திறவுகோலின் எந்தப் பகுதிகளை எவ்வாறு இணைப்பது என்பதைத் திறப்பவர் அறிய வேண்டும். ஆகவே விதி, பூட்டிய கோப்புடன் வெளிப்படையாகவே இணைக்கப்படுகிறது. உள்ளடக்கம் மறைந்திருக்கும், உறை பேசிக்கொண்டிருக்கும்.

இதன் விளைவை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். வன்கொடுமை வழக்கொன்றின் சாட்சியம் மேகக் கணினியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. ‘சிறப்பு அரசு வழக்கறிஞர் அல்லது சாட்சிப் பாதுகாப்பு அலுவலர், இன்ன ஊர், பாலியல் வன்முறை’ என்பது அதன் விதி. ஒரு சொல்லைக்கூடப் படிக்காமலே, அவ்வூரில் ஒரு பெண் வாய் திறந்துவிட்டாள் என்பதைச் சேமிப்பகத்தைப் பார்வையிடும் எவரும் ஊகிக்கலாம். பட்டியல் சமூகக் குடும்பங்கள் பத்தே இருக்கும் ஊரில், அவள் யார் என்று கண்டறிய அதிக நேரம் ஆகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15-அ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. காகிதத்தில் அளிக்கப்பட்ட அப்பாதுகாப்பைக் கோப்பின் மேலுறை குலைத்துவிடக் கூடாது.

ஆய்வாளர்கள் இதற்கு இரு வழிகளைக் கண்டுள்ளனர். முதலாவது, பகுதி மறைப்பு. ‘மாவட்டம்’, ‘சமூகம்’ என்னும் தலைப்புகள் தெரியும். அவற்றின் மதிப்புகள் மறைக்கப்படும். இது வேகமானது, ஆயினும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் இருப்பவை 38 மாவட்டங்களே. சில முறைகளில், பொதுவெளியில் உள்ள அளவுருக்களைக் கொண்டு ஒவ்வொரு மாவட்டத்தையும் பொருத்திப் பார்த்தே விடையைக் கண்டுவிடலாம். சாதிப் பிரிவுகளோ இன்னும் குறைவு. ஆகவே இத்தகைய ஊகத் தாக்குதலைத் தாங்குமா என்பதே ஒரு முறையை எடைபோடும் முதற்கேள்வி.

இரண்டாவது, முழு மறைப்பு. 2008இல் காட்ஸ், சகாய், வாட்டர்ஸ் ஆகியோர் முன்வைத்த முறை இவ்வகையில் முக்கியமானது. அதில் விதி முழுவதுமே மறைந்துவிடும். ஆனால் கோப்பின் அளவும் கணிப்புச் சுமையும் கூடும். ‘அல்லது’ என்னும் சொல் மிகுந்த விதிகளில் அவை பன்மடங்காகும். விலை குறைந்த கைபேசியை நம்பியிருக்கும் களப்பணியாளருக்கு இது சிறிய இடையூறு அன்று.

இரு வழிகளாலும் தீராத கேள்வி ஒன்று உண்டு. பண்புகளுக்குச் சான்றளித்துத் திறவுகோல் வழங்குவது யார்? ஒரே அமைப்பிடம் தலைமைத் திறவுகோல் இருந்தால், அதனால் எல்லாக் கோப்புகளையும் திறக்க முடியும். இவ்வதிகாரத்தைப் பல அமைப்புகளிடையே பகிரும் முறையை 2011இல் லூக்கோவும் வாட்டர்ஸும் வகுத்தனர். அதிகாரம் ஒரே கையில் குவியக் கூடாது என்னும் நம் அரசியல் இங்கே கணிதமாகிறது.

சட்டமும் நமக்குப் போதிய துணையாக இல்லை. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018ஆம் ஆண்டு வரைவு, சாதி விவரத்தைத் தனிப் பாதுகாப்புக்குரிய தரவாக வகைப்படுத்தியது. 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை.

எனவே நம் அமைப்புகள் இன்றே தொடங்கக்கூடியவை சில. கோப்பின் பெயரில், உறையின் பெயரில், வாட்ஸ்அப் குழுவின் பெயரில் ஊரையோ சாதியையோ வழக்கின் தன்மையையோ குறிக்க வேண்டாம். பொருளற்ற குறியீடுகளைப் பயன்படுத்தி, அவற்றின் அட்டவணையைத் தனியே காப்போம். அரசோ நிறுவனமோ ‘உங்கள் தரவு குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது’ என்று சொல்லும்போது அத்துடன் மனநிறைவு கொள்ள வேண்டாம். உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்போம்.