ஏட்டில் இல்லாத அரசன்

ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, தாளும் பென்சிலும் பல முகப் பகடைகளும் துணையாக, வாய்ச்சொல்லாலேயே ஒரு கற்பனைக் கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, ஒற்றன் என ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒரு செயல் கைகூடுமா என்பது ஐயமாயின் பகடை உருட்டி முடிவு காண்பர். எஞ்சிய பாத்திரங்கள் அனைத்துக்கும், வாயிற்காவலன் முதல் மாமன்னன் வரை, ஆட்டத் தலைவர் ஒருவரே குரல் கொடுத்தாக வேண்டும்.

இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. ஆட்டத் தலைவர் காட்டுவழிக்குக் கதை அமைத்திருப்பார். ஆடுவோரோ, "காட்டுக்குப் போகவில்லை; இந்நாட்டு அரசனையே நேரில் கண்டு முறையிடுகிறோம்" என்பர். ஏட்டில் எழுதப்படாத அரசன் அந்த நொடியே அரியணையில் அமர்ந்து பேசவேண்டும். அவன் எதற்கும் இணங்கினால் அரசனாகத் தோன்றான். எதையும் செய்யவல்லவனாக நின்றுவிட்டாலோ, ஆடுவோர்க்குச் செய்வதற்கு எதுவும் எஞ்சாது. பெருவலி படைத்த ஒருவனை, பிறர் வலிமையைப் பறிக்காமல், நினைத்த மாத்திரத்தில் படைப்பது எவ்வாறு?

விடை தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் கொல்கத்தா நகரமே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இக்கலையைப் போற்றி வளர்த்தது. அதற்குக் கவிகான் என்று பெயர். இரு கவிஞர்கள் அவையில் எதிரெதிரே நின்று பாட்டாலேயே வாதிடுவர். எடுத்துக்காட்டாக, ஒருவர் இராமனுக்காகவும் மற்றவர் இராவணனுக்காகவும் வழக்குரைப்பர். போர்த்துகீசிய வழியில் வந்து வங்கமொழியில் பாடிப் புகழ்பெற்று 1836-இல் மறைந்த ஆன்டனி ஃபிரிங்கியும், இனிப்புப் பண்டம் செய்து விற்ற போலா மயராவும் இத்துறையில் பெயர் பெற்றோர். ஆன்டனியின் கதை 1967-இல் உத்தம்குமார் நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது. நம் தஞ்சைத் தரணியின் லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் பாடி மோதுவதை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

எதிராளி அடுத்து என்ன கேட்பான் என்பதைக் கவிஞன் அறியான். ஆயினும் அவன் தடுமாறுவதில்லை. இராவணன் எதை விரும்பினான், எதனால் செருக்குற்றான், எவ்விடத்தில் புண்பட்டான் என்பதை அவன் நெஞ்சு அறியும். அதனை அறிந்தவனுக்கு எவ்வினாவுக்கும் விடை ஊறும். பின்னே நிற்கும் துணைப்பாடகர்கள் பல்லவியைத் திரும்பப் பாடுகையில், அடுத்த அடியை எண்ணிக்கொள்ள அவனுக்குச் சிறிது பொழுதும் கிட்டும்.

தெருக்கூத்து இன்னொரு பாடம் புகட்டுகிறது. துரியோதனன் வந்தவுடன் அவையில் தோன்றுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நிற்கிறான். கட்டியக்காரன் அவன் வருகையை அறிவித்து, வினவி, நகையாடி, அவையோரைக் காத்திருக்கச் செய்கிறான். அரசனின் பெருமையில் பாதி, அவன் வாய்திறக்குமுன்னரே பிறர் சொல்லால் அமைந்துவிடுகிறது. ஆட்டத் தலைவரும் அவ்வாறே செய்யலாம். வாயிலில் வீரரின் வாளை வாங்கி வைக்கும் காவலன், தாழ்ந்த குரலில் பேசும் அமைச்சன், நெடுநேரம் காக்க வைக்கும் கூடம் ஆகிய மூன்றையும் விவரிப்பதற்குள் அரசனைப் பற்றி எண்ண நேரமும் கிடைக்கும். ஆடுவோர் உள்ளத்தில் அச்சமும் படியும்.

அந்நேரத்தில் எண்ண வேண்டியவை மூன்றே. அவனுக்கு வேண்டுவது யாது? அவன் அஞ்சுவது எதற்கு? எந்நிலையிலும் அவன் மீறாத வரம்பு எது?

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஹூக்ளி ஆற்றை ஒத்த கற்பனை ஆறொன்றின் துறைமுகத்தை ஆளும் முதிய வணிகத் தலைவியை வீரர்கள் திடீரெனக் காண வருகிறார்கள் என்க. காணாமற்போன ஒரு கப்பலைப் பற்றிய செய்தி அவளுக்கு வேண்டும். அக்கப்பலில் ஏற்றியது என்ன என்பதைப் பேர்த்தி அறிந்துவிடுவாளோ என்பது அவள் அச்சம். தன் உப்பை உண்டவரைக் காட்டிக்கொடாமை அவள் வரம்பு. இனி வீரர்கள் எவ்வழி வந்தாலும் விடை உண்டு. பொன்னை நீட்டினால் சிரித்து ஒதுக்குவாள். கப்பலின் பெயரைச் சொன்னால் அவை முழுவதையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியே பேசுவாள். வாளை உருவினால், "சற்றுமுன் என் வீட்டில் உண்டீர்களே!" என்று ஒரே சொல்லில் அவர்களை நாணச் செய்வாள். இவற்றுள் எதையும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை.

வலியோர்க்குக் குறை ஒன்று இருத்தல் வேண்டும் என்பதை நம் இதிகாசங்கள் மறந்ததில்லை. தேவராலும் அரக்கராலும் சாவு கூடாதென வரம் கேட்ட இராவணன், மனிதரைப் பொருட்படுத்தாது விட்டான். துரியோதனனின் இரும்பு உடலில் தொடை மட்டும் காப்பின்றி நின்றது. கன்னனை வெல்லுதற்கு அவனது கொடையே வழியாயிற்று. ஆட்டத் தலைவர் தாம் படைக்கும் அரசனுக்கோ வேதாளத்துக்கோ இத்தகைய ஓர் இடைவெளியை விட்டுவைப்பாராயின், ஆடுவோர் அதனைத் தேடிக் கண்டடைவர். அத்தேடலே ஆட்டத்தின் உயிர்.

இன்னும் இரு நெறிகள் உள. சொன்ன சொல்லை உடனே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்; இன்று தன் ஒரே மகனை இழந்ததாகச் சொன்ன அரசன், அடுத்த வாரம் அம்மகனுக்கு மணம் பேசலாகாது. மேலும், வீரர்க்குரிய வேலையை அரசனே செய்து முடித்தல் தகாது. அவன் படை வேறெங்கோ போரில் இருக்கலாம். அல்லது அவன் கையெழுத்திட்ட உடன்படிக்கை அவனையே தடுக்கலாம்.

இவ்விளையாட்டை நம் இல்லங்களுக்குப் பரிந்துரைக்கக் காரணம் ஒன்று உண்டு. லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களிலும் பிற பகுதிகளிலும் வளரும் தமிழ்ச் சிறார், பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் வங்கமும் இந்தியும் பேசுகின்றனர். பல வீடுகளில் தமிழ், "சாப்பிட்டாயா, படித்தாயா" என்னும் அளவில் சுருங்கிவிடுகிறது. அரசனிடம் முறையிடவும், பகைவனுடன் உடன்படிக்கை பேசவும், முதியவரிடம் மன்னிப்பு வேண்டவும் உரிய தமிழை அவர்கள் வாய் பழக வாய்ப்பே இல்லை. மேசையில் அரசன் தமிழில் வினவினால், தமிழில் விடை கூறியே ஆகவேண்டும். 'தாங்கள்' என்பது எங்கே, 'நீர்' என்பது எங்கே என்பதை இலக்கண நூலைவிட அவ்வரசன் விரைவில் கற்பிப்பான்.

விடுமுறை மாலை ஒன்றில் பாட்டனாரையோ அத்தையையோ ஆட்டத் தலைவராக அமர்த்திப் பாருங்கள். விதிகளைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள். அரசனைப் பெரியவர்கள் பேசுவார்கள். இராமாயணமும் பாரதமும் கேட்டு வளர்ந்தவர்க்கு அந்த மூன்று வினாக்களும் ஏற்கெனவே பழகியவை.