பத்துப் பிழைகள்

பிழையின்றிப் பேசுதலே ஒரு தமிழாசிரியன் தன் மாணாக்கருக்கு வழங்கத்தக்க செல்வங்களுள் தலையாயது என்று முப்பது ஆண்டுகளாக நம்பி வந்தவன் நான். ரகரம் நிற்கவேண்டிய இடத்தில் றகரமும், ழகரம் நிற்கவேண்டிய இடத்தில் ளகரமும் ஒலிக்க ஒருவன் பேசத் தொடங்கினால், அவனை அவ்விடத்திலேயே நிறுத்தித் திருத்துவேன். "செம்மையாகச் சொல்ல இயலாததைச் சொல்லாது விடுதல் நன்று" என்பது என் வகுப்பில் அடிக்கடி ஒலித்த வாசகம். அவ்வாசகம் கடல் கடந்து சென்று என் மாணாக்கன் ஒருவனை ஊமையாக்கிவிடும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

அவன் மொழியியலில் மேற்படிப்பை நாடிச் சென்ற ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஸ்பெயின் தேசத்துச் சலமன்கா நகரை அடைந்தான். தோர்மெஸ் ஆற்றங்கரையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் உள்ள பழம்பதி அது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218 ஆம் ஆண்டில் லெயோன் நாட்டு மன்னன் ஒன்பதாம் அல்போன்சோவால் நிறுவப்பெற்றது. நகரின் பழைய கட்டடங்கள் ஒருவகை மணற்கல்லால் ஆனவை. மாலை வெயில் படும்பொழுது அவை பொன்னிறம் கொள்ளும். "ஐயா, ஊர் முழுவதும் பொன் பூசியதுபோல் இருக்கிறது" என்பது அவன் எனக்கு எழுதிய முதற் செய்தி. அதன்பின் இரு வாரங்கள் அவன் எழுதவில்லை.

பின்னர் வந்தது ஒரு நீண்ட மடல். அதில் முதலிற் கூறப்பட்டது பெயர்பற்றிய இடர். ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு. ஒன்று தந்தைவழி, மற்றொன்று தாய்வழி. தந்தையின் பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்னெழுதும் நம்மவனுக்கு, கந்தோர்ப் பத்திரத்தில் இரண்டாம் குடும்பப்பெயருக்கென இருந்த கட்டத்தில் எதனை எழுதுவதென்று தோன்றவில்லை. அதனை வெறுமையாக விட்டான். வகுப்பிலோ தந்தையின் பெயராலேயே அவனை அழைத்தனர். தந்தையார் காலமாகி ஆறு ஆண்டுகள். அப்பெயர் ஒலித்த போதெல்லாம் அவன் திடுக்கிட்டுப் பின்னே திரும்பிப் பார்த்தானாம்.

அடுத்தது பொழுதுபற்றிய இடர். அந்நாட்டில் மதிய உணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவு ஒன்பது மணிக்கு மேல். அவன் தங்கியிருந்த வீட்டு அம்மையார் இரவுணவுக்கு அழைக்கும் வேளையில் யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு கடந்திருக்கும். தாயோடு இரண்டு சொற் பேசலாமென்றால், அவர் உறங்கிப் பல நாழிகை ஆகியிருக்கும்.

இவற்றையெல்லாம் அவன் பொறுத்துக் கொண்டான். பொறுக்க இயலாதது மௌனம். இங்கிருந்தபோதே நூல்களைக் கொண்டு ஸ்பானிய இலக்கணத்தை நன்கு கற்றவன் அவன். ஆயினும் வகுப்பில் வினா எழுந்தால், விடையை மனத்துள் அமைத்து, வினைமுற்றின் விகுதியைச் சரிபார்த்து, பெயரின் பாலைத் தேர்ந்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பொருளுக்குப் போய்விடும். பல்கலைக்கழகத்தின் பழைய முகப்பில் எண்ணிறந்த சிற்பங்களுக்கிடையே ஒரு மண்டையோட்டின்மேல் சிறு தவளை ஒன்று அமர்ந்துள்ளது. பிறர் உதவியின்றி அதனைக் காண்பவனுக்குத் தேர்வில் வெற்றி கிட்டும் என்பது மாணாக்கரிடையே வழங்கும் நம்பிக்கை. உடன் பயில்வோர் பலர் நின்று தேட, முதலிற் கண்டவன் நம்மவனே. ஆனால், தவளை என்பதற்குரிய சொல் அவ்வேளையில் நினைவில் வரவில்லை. வாளா நின்றான். வேறொருவன் கண்டு கூவினான். எல்லோரும் அவனைப் பாராட்டினர்.

"ஐயா, பிழையாகப் பேசுவதிலும் பேசாதிருத்தல் மேல் என்று தாங்கள் கற்பித்தபடியே இருக்கிறேன். ஒரு மாதமாக நான் இங்கே எவருக்கும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிடலாமோ என்று எண்ணுகிறேன்" என்று அம்மடல் முடிந்திருந்தது.

அதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் என்மீது குறை கூறவில்லை, நன்றியோடே எழுதியிருந்தான். அதுவே என்னை வருத்தியது.

அவன் வாழும் நகரின் வரலாற்றை மறுநாட் காலை படிக்கலானேன். காஸ்திலிய மொழிக்கு அந்தோனியோ தெ நெப்ரிஹா இயற்றிய இலக்கணம் 1492 ஆம் ஆண்டில் அந்தச் சலமன்காவிலேயே அச்சேறியது. இசபெல் அரசிக்கு உரிமையாக்கப்பட்டது. ஐரோப்பிய வழக்கு மொழிகளுள் ஒன்றுக்கு அச்சில் வெளிவந்த முதல் இலக்கணமென்று போற்றப்படுவது அது. ஆனால், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 13 ஆம் நூற்றாண்டில், பத்தாம் அல்போன்சோ மன்னனின் அவையில் அம்மொழியிற் சட்டநூலும் வரலாறும் எழுந்துவிட்டன. அவற்றுக்கும் முன்னே உழவரும் வணிகரும் தாய்மாரும் அதனைப் பேசிக்கொண்டிருந்தனர். பேச்சு முன், இலக்கணம் பின். இவ்வுண்மையைத் தமிழுக்கு மேற்கோள் காட்டி எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். என் மாணாக்கன் வாய் திறக்கும் வேளையில் மட்டும் அதனை மறந்திருந்தேன்.

உடனே எழுதினேன்: "தம்பி, நான் கற்பித்ததில் ஒரு குறை இருந்தது. இன்றுமுதல் உனக்கு வேறொரு பயிற்சி தருகிறேன். நாளொன்றுக்குப் பத்துப் பிழையேனும் பேசு. அவற்றை எழுதி எனக்கு அனுப்பு. பத்துக்குக் குறைந்தால் அன்றைய பாடம் படிக்கவில்லை என்று கொள்வேன்."

மூன்றாம் நாள் முதற்பட்டியல் வந்தது. வெதுப்பகத்துக்குச் சென்றவன், ஸ்பானிய மொழியிற் பாணுக்குப் பெயர் 'பான்' என்பதை நினைந்து துணிவு பெற்றுக் கேட்டிருக்கிறான், கிடைத்தது. நம் பாணும், மேசையும், சப்பாத்தும், குசினியும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களல்லவா? 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டு, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை ஆண்டவர்கள் அவர்கள். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புக்கள். ஆகவே அம்மையாரின் சமையலறையில் 'மேசா' என்பது மேசை. வாயிலிற் கழற்றி வைத்த 'தபாத்தோ' சப்பாத்து. அயலூர் என்று அஞ்சிய வீட்டில் ஆச்சியின் குசினிச் சொற்கள் கிடந்ததைக் கண்டு அவன் மகிழ்ந்தான்.

அம்மகிழ்ச்சியே முதற் பெரும்பிழைக்கும் வித்தாயிற்று. மேசை 'மேசா' ஆயின், கதிரை 'கதேரா' ஆகவேண்டும் என்று கருதினான். வகுப்பில் வெறுமையாக இருந்த கதிரையைக் காட்டி, "இந்தக் கதேரா எவருக்கேனும் உரியதோ?" என்று வினவினான். ஸ்பானியத்தில் அச்சொல் இடுப்பைக் குறிக்கும். கதிரைக்குச் 'சீயா' என்பதே பெயர். வகுப்பு முழுதும் நகைத்தது. அருகிருந்தவன் கதிரையை இழுத்துப்போட்டு அமரச் செய்தான். அன்றுதான் அவனுக்கு முதல் நண்பன் கிடைத்தான்.

இரண்டாம் பெரும்பிழை வீட்டில் நிகழ்ந்தது. 'கன்சாதோ' என்றால் களைத்தவன். 'காசாதோ' என்றால் மணமானவன். மாலையிற் களைத்து வந்தவன், "நான் மணமானவனாக இருக்கிறேன்" என்று அம்மையாரிடம் சொல்லிவிட்டான். "அப்படியாயின் மருமகள் எங்கே?" என்று அவர் கேட்டாராம். அன்று இரவுணவின்பின் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். உண்டபின் மேசையை விட்டு எழாது உரையாடும் வழக்கத்துக்கு அம்மொழியில் 'சோப்ரமேசா' என்று ஒரு தனிச்சொல்லே உண்டு.

பட்டியல்கள் வரவர, கற்றவன் அவன் மட்டுமல்லன், நானும் கற்றேன். அம்மொழியில் வினைமுற்றின் விகுதியே இடத்தைக் காட்டுவதால், நம் தோன்றா எழுவாய் அங்கும் இயல்பாக வருகின்றது. இயல்பைச் சொல்ல ஒரு வினையும் நிலையைச் சொல்ல மற்றொரு வினையும் உண்டு. அவற்றின் வேறுபாடு பிறநாட்டு மாணாக்கரை வருத்துமாம். "நான் தமிழன்" என வினையின்றி முடிக்கும் நமக்கும், "நான் களைப்பாக இருக்கிறேன்" என வினைகொண்டு முடிக்கும் நமக்கும் அது முற்றும் புதிதன்று. எனினும் எல்லா இடத்தும் பொருந்துவதில்லை. "அவன் உயரமாக இருக்கிறான்" என்னும் நம் வழக்கை அங்கே இயல்புவினையாற் கூறவேண்டும். அவ்விடத்தில் அவன் பட்டியலுக்கு இரு பிழைகள் சேர்ந்தன.

ஒன்றில் மட்டும் அவன் பிழை செய்யவேயில்லை. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். நாம் ரகர றகரங்களை அடித்தடித்துக் கற்பித்தது வீண்போகவில்லை. தவளைக்குப் பெயர் 'றானா'. தமிழில் மொழிக்கு முதலில் வாராத றகரம் அங்கே முதலில் நின்று முழங்குகின்றது என்று அவன் தனியே எழுதியிருந்தான். செம்மை வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது பேச்சுக்குப் பின்னே வரவேண்டியது என்பதே நான் பிந்திக் கற்ற பாடம்.

மார்கழிக் குளிரில் ஒரு மடல் வந்தது. பல்கலைக்கழகத்தில் லூயிஸ் தெ லெயோன் என்னும் துறவி பாடஞ்சொன்ன மண்டபத்தை, கரடுமுரடான மரவாங்குகளோடு இன்றும் பேணி வைத்துள்ளனர். 1572 ஆம் ஆண்டில் சமய விசாரணை மன்றத்தாற் சிறைப்பட்டு, 1576 இல் விடுதலையாகி மீண்ட அவர், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்போலப் பாடத்தைத் தொடங்கினார் என்பது வழிவழி வரும் கதை. "ஐயா, அவ்வாங்குகளைப் பார்த்தபோது என் ஒரு மாத மௌனம் மிகச் சிறியதாகத் தோன்றிற்று. இப்பொழுது அப்பாவின் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுந்து விடை சொல்கிறேன். இன்று ஆறு பிழைகளே தேறின. பொறுத்தருள்க" என்று எழுதியிருந்தான்.

சென்ற வாரம் என் வகுப்பிற் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் தோட்டத்தைப் புயல் அழித்த கதையைச் சொல்லத் தொடங்கினான். 'வாளைமரம்' என்று தொடங்கியவன் என் முகத்தை நோக்கி நின்றுவிட்டான். "சொல், தம்பி" என்றேன். கதை முடியும்வரை கேட்டேன். முடிந்தபின், 'வாழை' என்று ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அவனும் சொன்னான்.