தகவல் துளி: தூத்துக்குடியைச் சுமந்த நாவல்

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து கிழக்கே போனால் பழைய துறைமுகம். காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகள் அங்கே நிற்கும். அந்தத் தோணித் தொழிலை ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியவர் ஜோ டி குரூஸ். உவரிக்காரர். பிழைப்பு கப்பல் சரக்குத் தொழிலில். எழுத்து அதற்கு மிஞ்சிய நேரத்தில்.

முதல் நாவல் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் தமிழினி வெளியீடாக வந்தது. அடுத்தது 'கொற்கை'. 2009-இல் காலச்சுவடு பதிப்பித்தது. 1914 தொடங்கி 2000 வரை, முத்துக்குளிப்பு, பாய்மரத் தோணி, பரதவர் வாழ்வு என்று நீளும் கதை.

தலையணை கனத்தில் ஒரு நாவல் போடுவது பதிப்பாளருக்குச் சூதாட்டம்தான். தாளுக்கும் அச்சுக்கும் பணம் முதலிலேயே இறங்கிவிடும். புத்தகம் விற்றுக் காசு திரும்புவது எப்போதோ. பேச்சுவழக்கு, அதிலும் கடற்கரை வழக்கு என்றால் மதுரைக்காரருக்கே சில இடங்களில் நாக்குச் சுளுக்கும். இருந்தும் 2013-இல் 'கொற்கை'க்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

புத்தகத்துக்குப் பணம் இறைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுதான். அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அதைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். அடக்கம் செய்தது தூத்துக்குடியில்.