களனி ஆற்றில் ஒரு நாள்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் ஆற்றுக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். முன்பு குளிக்கக் கேட்டார்கள். இப்போது ‘கயாக்’ என்னும் ஒடுங்கிய சிறு ஓடத்தில் ஏறித் துடுப்புப் போட வேண்டும், தூண்டில் வீச வேண்டும் என்கிறார்கள். “மௌலவி, மகனை அனுப்பலாமா? விளையாட்டுக்கு மீன் பிடிப்பது கூடுமா?” என்று உம்மாமார் கேட்கிறார்கள். பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள் என்பேன்.

சப்ரகமுவையில் இருக்கும் நமக்குத் தூரம் போகத் தேவையில்லை. பாவா ஆதம் மலைப் பக்கத்துச் சிகரங்களிலிருந்து இறங்கும் நீரெல்லாம் சேர்ந்து களனி கங்கையாகிக் கித்துல்கலயில் பாறைகளில் மோதி நுரைத்து ஓடுகிறது. பிறகு யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல வழியாக, இரு பக்கமும் தேயிலையும் றப்பரும் நிற்க, அகன்று அமைதியாகிறது. பாறைப் பகுதி பழகியவர்களுக்குரியது. குடும்பத்தோடு போகிறவர்கள் அமைதியான நீரோடு நிற்பதே நல்லது.

ஒன்றைக் கட்டாயம் அறிந்திருங்கள். மழையே இல்லாத நாளிலும் இந்த ஆறு திடீரென்று உயரும். மேலே லக்சபான, பொல்பிட்டிய மின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இயந்திரங்களை ஓட்டி நீரை விட்டால், காலையில் பிள்ளைகள் நின்று விளையாடிய பாறை சற்று நேரத்தில் மூழ்கிவிடும். ஆகவே அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளாமல் இறங்க வேண்டாம். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். பெண்கள் நீண்ட அபாயாவோடு ஓடத்தில் ஏறுவது ஆபத்து; ஓடம் கவிழ்ந்தால் நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். தளர்ந்த சல்வாரும் இறுக்கிக் கட்டிய முந்தானையும் போதும், மறைவுக்கும் குறைவில்லை. காலில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பது நல்லது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் அதிகம்.

சுபஹுக்குப் பின் சீக்கிரம் போனால்தான் எதையும் காணலாம். துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். கரை மரத்தில் மீன்கொத்தி இருக்கும். நீர்க்காகம் பாறையில் சிறகை விரித்து உலர்த்தும். உயரக் கிளைகளில் நரைத் தாடியோடு ஊதாமுக மந்திகள் தாவும். 1344இல் பாவா ஆதம் மலைக்கு வந்த இப்னு பதூதா, ஆண்களைப் போலத் தாடியுள்ள கரிய குரங்குகளை இப்பக்கத்தில் கண்டதாகத் தம் பயண நூலில் சொல்கிறார். இந்த மந்திகளைத்தான் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அட்டையையும் அவர் விடவில்லை. கடித்தால் பிழிந்துவிட ஊரார் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்களாம். நீங்களும் இரண்டு பழம் கொண்டுபோங்கள்.

கித்துல்கலக் காட்டில் 1995இல் பறவை ஆய்வாளர் ஒருவர் அறியாத ஆந்தைக் குரலொன்றைக் கேட்டார். 2001இல் சிங்கராஜக் காட்டில் அந்த ஆந்தையைக் கண்ணால் கண்டார். உலகம் அதுவரை அறியாத புதிய இனம் அது.

கரையில் கபரகொய்யா ஊர்ந்தால் பிள்ளைகள் “உடும்பு ஹலாலா?” என்று கேட்பார்கள். ஹதீஸில் வரும் ‘ளப்’ என்பதை நம் மொழிபெயர்ப்புகளில் உடும்பு என்றே எழுதிவிட்டார்கள். உண்மையில் அது பாலைவனத்தில் செடிகளைத் தின்று வாழும் முள்வால் பல்லி. அழுகியதைத் தின்னும் நம் கபரகொய்யா வேறு.

இனித் தூண்டிலுக்கு வருவோம். சூறா ஃபாத்திரின் 12ஆம் வசனத்தில் நன்னீர், உவர்நீர் இரண்டிலும் கிடைக்கும் உணவை அல்லாஹ் தன் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுகிறான். மீனை அறுக்கத் தேவையில்லை. திலாப்பியா, விரால் எது கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆக்கலாம். நம் ஷாஃபிஈ மத்ஹபின் ‘மின்ஹாஜ்’ கிதாபில் இமாம் நவவீ அவர்கள், நிலத்திலும் நீரிலும் வாழும் தவளை, நண்டு போன்றவற்றை ஹராம் என்று எழுதியிருப்பதால் ஆற்று நண்டை விட்டுவிடுங்கள். உண்ணும் நோக்கமின்றி வெறும் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவதை உலமாக்கள் வெறுத்திருக்கிறார்கள். உயிருள்ளதைக் குறிபார்க்கும் பொருளாக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாயைக் கிழித்துப் படம் எடுத்துவிட்டு மீனைத் திரும்ப எறியும் புதுப்பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. கறிக்கு ஆகும் அளவு பிடித்தால் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். சமையலறையில் உங்களுக்கும் ஒரு சொல்: துடிக்கும் மீனை அப்படியே அரிய வேண்டாம், அது மக்ரூஹ். உயிர் அடங்கட்டும்.

மீனுக்காக ஓடையில் நஞ்சு கலப்பவர்களும் வெடி போடுபவர்களும் இருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டப்படி அது குற்றம். பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் அழிகின்றன. மிஞ்சிய நீரைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள். கொழும்பு நகரின் குடிநீர் பெரும்பாலும் அம்பத்தலையில் இந்தக் களனியிலிருந்தே எடுக்கப்படுகிறது. நீர்த்துறையில் மலம் கழிப்பதையே சாபத்துக்குரியது என்று ஹதீஸ் சொல்கிறது. அப்படியிருக்க, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று குர்பானியின் குடலையும் தோலையும் சாக்கில் கட்டி ஓடையில் தள்ளுவதை என்ன சொல்வது? வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டினால் முடிந்தது. இதைப் பெண்கள் கண்டிப்பாகச் சொன்னால் ஆண்கள் கேட்பார்கள்.

கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமட என்றோர் ஊர். அங்கே வயல்களுக்கு நடுவே ஓடும் ஒரு சிற்றோடையில் மட்டும் இயற்கையாக வாழும் ஒரு கெண்டைக் குஞ்சு உண்டு. விரல் நீளம்கூட இராது. 1991இல்தான் அதற்கு விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். அந்த ஓடையின் நீரும் களனியில்தான் வந்து சேர்கிறது.