நெஞ்சில் தங்கிய காற்று

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் உள்ளன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாட்டின் எல்லை தொடங்குகிறது. எல்லையோரச் சிற்றூர்களில் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு குத்தினால், 'வாயுப்பிடிப்பு' என்று கருதிச் சுக்குக் கசாயம் கொடுப்பது உண்டு. சில வேளைகளில் அவ்வலிக்குக் காரணம் காற்றேதான். ஆனால், அது வயிற்றில் உள்ள காற்று அன்று.

நுரையீரலை ஈரடுக்கு உறை ஒன்று மூடியுள்ளது. அவ்விரு அடுக்குகளுக்கும் இடையே காற்று இருப்பதில்லை. நுரையீரலின் மேற்பரப்பில் உள்ள சிறு கொப்புளம் அடிபடாமலே உடைந்தால், காற்று அவ்விடைவெளியில் கசியும், நுரையீரல் சுருங்கும். உயரமும் மெலிந்த உடலும் கொண்ட இளைஞர்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. புகைப்பழக்கம் இந்த ஆபத்தைப் பெருக்கும்.

எக்ஸ்ரே படம் இந்நோயைக் காட்டிவிடும். கசிந்த காற்றின் அளவையும் மூச்சுத்திணறலையும் கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார். காற்று சிறிதளவே இருந்து, மூச்சும் சீராக இருந்தால், ஓய்வும் கண்காணிப்புமே போதும். உடலே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மூச்சுத்திணறல் இருந்தால், ஊசியால் காற்றை வெளியே இழுப்பர். அல்லது விலா எலும்புகளுக்கு இடையே குழாய் ஒன்றைச் செலுத்துவர்.

அக்குழாயின் மறுமுனை ஒரு புட்டியில் உள்ள நீருக்குள் மூழ்கியிருக்கும். நோயாளி மூச்சு விடும்போதும் இருமும்போதும் நெஞ்சுக்கூட்டுக் காற்று குமிழிகளாக வெளியேறும். மூச்சை இழுக்கும்போது நீர் சற்றே மேலேறி, வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுக்கும். புட்டி எப்போதும் நெஞ்சைவிடத் தாழ்வாகவே இருத்தல் வேண்டும். உயர்த்தினால் நீர் நெஞ்சுக்குள் பாயக்கூடும்.

கசிவு நிற்காவிட்டாலோ, நோய் மீண்டும் வந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சிறு துளைகளின் வழியே கொப்புளங்களை நீக்கி, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளுமாறு செய்வர்.

குணமடைந்தவர், மருத்துவர் இசையும்வரை விமானத்தில் செல்லலாகாது. உயரத்தில் காற்று விரிவடையும் என்பதே காரணம்.

எல்லையோர மக்களுக்கு ஒருபுறம் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், மறுபுறம் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஆம்புலன்சு அழைப்பு எண்ணும் இரு மாநிலங்களிலும் 108தான். நெஞ்சுவலியோடு மூச்சும் திணறினால், கசாயம் காய்ச்சும் நேரத்தையும் வீணாக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

சிந்தித்து விடை தருக

1. குழாயின் முனை நீரில் மூழ்கியிருப்பது ஏன்?
2. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே சிகிச்சை அளிக்கப்படாதது ஏன்?
3. உங்கள் வீட்டில் 'வாயுப்பிடிப்பு' என்னும் சொல்லை எப்பொருளில் வழங்குகின்றனர்? பெரியோரிடம் கேட்டு எழுதுக.