2 மணி நேரம் கொதித்தும் வேகாத கறி! ஊட்டி வீடுகளில் கைகொடுக்கும் கொத்துக்கறி

ஊட்டி,

அடுப்பில் கறிச்சட்டி தளதளவென்று கொதிக்கிறது. ஒரு மணி நேரம் ஆச்சு. 2 மணி நேரமும் ஆச்சு. கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு விட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மாட்டுக்கறி வாங்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. உடனே கறிக்கடைக்காரர் தலைதான் உருளும். "கிழட்டு மாட்டை வெட்டி நம்ம தலையில கட்டிட்டான்" என்று வசவு விழும்.

ஆனால் உண்மையான குற்றவாளி அவர் இல்லை. குற்றவாளிகள் 2 பேர். ஒன்று மலை. இன்னொன்று சட்டம்.

92 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து விடும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சட்டியின் சூடு ஏறாது. விறகுதான் வீண்.

குக்கரில் வைத்தால் சூடு 110 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் மலையில் குக்கர் இல்லாத வீட்டில் பருப்புகூடச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

10 வயதுக்கு மேல்தான்!

அடுத்தது சட்டம். 1958-ம் ஆண்டு தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி இளம் மாட்டை வெட்ட முடியாது. மாட்டுக்கு வயது 10-ஐத் தாண்டியிருக்க வேண்டும். உழைப்புக்கும், இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை என்று சர்டிபிகேட் வேண்டும். காயத்தாலோ, தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்றாலும் சர்டிபிகேட் கட்டாயம். பசுவையும் கிடாரியையும் வெட்டக்கூடாது என்று 1976-ல் அரசு தனியாக உத்தரவு போட்டது.

2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கவே கூடாது என்று விதி கொண்டு வந்தது. நாடே பரபரப்பானது. ஒரே வாரத்தில், மே 30-ந்தேதி, ஐகோர்ட்டின் மதுரை கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் சுப்ரீம் கோர்ட்டு நீட்டித்தது.

ஆக, சட்டப்படி கடைக்கு வரும் மாடு பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாடு. வயதான சதையில் ஜவ்வு இறுகிப் போயிருக்கும். அதைத் துண்டு போட்டு 92 டிகிரி தண்ணீரில் வேக வைத்தால் என்ன ஆகும்? மேலே சொன்னதுதான் ஆகும்.

இதற்கு மலைவாசிகள் கண்ட வழிதான் கொத்துக்கறி. பல்லால் முடியாததைக் கத்தியும் மெஷினும் முன்கூட்டியே செய்து விடுகின்றன. 20, 25 நிமிடத்தில் கறி பதமாகி விடும்.

(நீலகிரியில் எல்லா வீட்டிலும் இது நுழையாது. எருமையைத் தெய்வமாகக் கொண்டாடும் தோடர்கள் கறியே சாப்பிடுவதில்லை. படுகர் வீடுகளிலும் மாட்டுக்கறி வழக்கம் இல்லை. ஆட்டுக் கொத்துக்கறிக்கும் இதே பக்குவம்தான்.)

கண் முன்னே கொத்தணும்

கொத்துக்கறியில் ஆபத்தும் உண்டு. முழுத் துண்டாக இருக்கும்போது கிருமி பெரும்பாலும் மேல் பரப்பில்தான் இருக்கும். கொத்தினால் உள்ளே வெளியே எல்லாம் கலந்து விடும். 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத கொத்துக்கறி சாப்பிட்டு நூற்றுக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தனர். 4 குழந்தைகள் பரிதாபமாக இறந்தனர்.

கொத்தி வைத்த குவியலில் நேற்றைய கறி எது, இன்றைய கறி எது என்று யாருக்குத் தெரியும்? எனவே குவியலைக் கை காட்டக்கூடாது. "பாய், தொடைக்கறி அரைக்கிலோ காட்டுங்க. ஜவ்வு எடுத்துட்டு இங்கேயே கொத்திக் கொடுங்க" என்று கேட்க வேண்டும். வெட்டுக்கூடத்து முத்திரை எங்கே என்றும் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

"ஊட்டிக் குளிருக்குக் கறி கெடாது" என்பது சுத்தப் பொய். ஜனவரியில் உறைபனி கொட்டினாலும் மத்தியான வெயிலில் சூடு ஏறத்தான் செய்கிறது. வாங்கிய அன்றே சமைக்க வேண்டும்.

கிருமி சாக 71 டிகிரி போதும். 92-ல் கொதிக்கும் குழம்பு அதற்குத் தாராளம். உருண்டையின் நடுவரைக்கும் சூடு போக வேண்டும். அதுதான் முக்கியம்.

அரைக்கிலோவில் ராத்திரி விருந்து

ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் பிரபலமானது 'பால் கறி'. குடிக்கிற பால் இல்லை. பந்து மாதிரி உருட்டுவதால் அந்தப் பெயர். அரைக்கிலோ கொத்துக்கறியில் பொடியாக நறுக்கிய வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை, உப்பு சேர்த்துப் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டினால் சுமார் 20 உருண்டை வரும். மசாலாவைத் தாளித்து, தக்காளி வதக்கி, தண்ணீர் விட்டுத் தளதளவென்று கொதிக்கும்போது ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஆறிய குழம்பில் போட்டால் உடைந்து கரைந்து போகும். கரண்டி போட்டுக் கிண்டக்கூடாது. சட்டியைப் பிடித்து லேசாகக் குலுக்கினால் போதும். 25 நிமிடம் கழித்து ஒன்றைப் பிட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் சிவப்பு தெரிந்தால் இன்னும் கொதிக்கட்டும். கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கி, மஞ்சள் போட்ட தேங்காய்ச் சாதத்தோடு பரிமாறினால், முதலில் தட்டைத் தள்ளிய பிள்ளைகளே மறுசோறு கேட்பார்கள்.

ஆள் கூடிப் போனால் உருளைக்கிழங்கு சாப்ஸ். ஊட்டி உருளைக்கிழங்கு இருக்கும்போது கவலை எதற்கு? வறுத்த கொத்துக்கறியை மசித்த கிழங்குக்குள் பொதிந்து, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, தோசைக்கல்லில் சிவக்க எடுக்க வேண்டும். கால் கிலோ கறியே 5 பேருக்குக் காணும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளக் கைப்பக்குவம். தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் மிளகும் போட்டுச் சுருளச் சுருள வறுத்து, வேக வைத்த மரவள்ளிக்கிழங்கோடு சாப்பிடுவார்கள்.

தோட்ட லைன் வீடுகளில் பொழுது சாய்ந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்டும் பெண்களுக்கு இத்தனைக்கும் நேரம் ஏது? கால் கிலோ கொத்துக்கறியை நன்றாக வதக்கி, அரை முட்டைக்கோசையும் 2 கேரட்டையும் பொடியாக நறுக்கிப் போட்டால் ஒரே சட்டியில் முடிந்தது வேலை. காய் விடும் தண்ணீரே போதும். தனியாக ஊற்ற வேண்டாம். மீதியைக் காலையில் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுக்க நினைப்பவர்கள் ராத்திரியே பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பிரிட்ஜ் இல்லாவிட்டால் அன்றைக்கே சட்டியைக் காலி செய்து விடுவதுதான் சரி.