யார் முதலில் மறந்தது?

அலுவலகக் கணினியில் இசட் டிரைவின் படத்துக்கு மேல் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. காலையில் ஒழுங்காக இருந்த நெட்வொர்க் டிரைவ், டீ குடித்துவிட்டு வருவதற்குள் அறுந்து கிடக்கிறது. படத்தை இரண்டு தட்டு தட்டினால் குறி மறைந்துவிடும். ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கேபிளில்தான் கோளாறு என்றால், தட்டியதும் எப்படிச் சரியாகும்?

அந்த இணைப்பு கேபிளுக்குள் இல்லவே இல்லை என்பதுதான் விஷயம். நம் கணினியும் கோப்புகளை வைத்திருக்கும் சர்வரும் பேசிக்கொள்வது டிசிபி என்ற நெறிமுறையில். வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. அதைப் பொறுத்தவரை இணைப்பு என்பது இரு முனைகளும் தங்கள் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரு குறிப்பு. எதிரில் இருப்பது யார், எத்தனை பைட் அனுப்பியாயிற்று, எத்தனை வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். பேச ஒன்றும் இல்லையென்றால் அதற்காகக் கம்பியில் எதுவும் ஓட வேண்டியதில்லை. அந்த அமைதியான நேரத்தில், நடுவழியில் இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் கேபிளைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி மாட்டினால், இரு முனைகளுக்கும் அது தெரியவே தெரியாது. பாதை போனாலும் பேச்சு போகக் கூடாது என்று வேண்டுமென்றே இப்படி அமைத்தார்கள். எனக்கு இது இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

ஆகவே டிரைவ் அறுந்தது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் குறிப்பை அழித்துவிட்டார் என்று அர்த்தம். யார், எப்போது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதல் ஆள் சர்வர். விண்டோஸ் சர்வர், 15 நிமிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையென்றால், நினைவகம் வீணாகாமல் இருக்க அந்தத் தொடர்பைத் தானாகவே முடித்துக்கொள்ளும். சிவப்புக் குறி வரும். தட்டினால் புதுத் தொடர்பு பிறக்கும். இது பழுதே இல்லை. சில பழைய மென்பொருள்கள் இதைத் தாங்காமல் நின்றுவிடும். அப்போது மட்டும் சர்வரில் ‘ஆட்டோடிஸ்கனெக்ட்’ அமைப்பை நிர்வாகியிடம் சொல்லி மாற்றினால் போதும்.

இரண்டாவது ஆள் நடுவில் இருக்கிறார். இணைய முகவரிகள் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் 1990-களில் முகவரி மாற்றித் தரும் ரௌட்டர்கள் வந்தன, ஃபயர்வால்களும் பெருகின. வெறும் வழிப்போக்குப் பாதையாக இருந்த நடுவழி, தானும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தொடங்கியது. அமைதியாக இருக்கும் முனைகள் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுக்கொள்ள டிசிபியில் ஒரு வழி உண்டு. ஆனால் 1989-இல் எழுதிய விதிப்படி அந்த இடைவெளி, யாரும் மாற்றாதவரை, 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு இசைவாக 2008-இல் வந்த இன்னொரு விதி, முகவரி மாற்றும் ரௌட்டர் ஓர் இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்க வேண்டும் என்றது. அந்த 4 நிமிடம், வழியில் வந்துகொண்டிருக்கும் தகவலுக்குத் தரும் சலுகை. எல்லாக் கருவிகளும் இதை மதிப்பதில்லை; சில அதற்கு முன்பே தங்கள் குறிப்பை அழித்துவிடும். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை செய்பவர்களின் டிரைவ் அடிக்கடி போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லேப்டாப்பை மூடித் திறந்தபின் டிரைவ் போகிறதா? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். காலையில் லாகின் செய்ததும் மட்டும் சிவப்பா? வைஃபை தயாராவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடி ஓய்ந்திருக்கும்.

கேபிளை மாற்றும் முன் இரண்டு நாள், டிரைவ் போகும் நேரத்தையும் அதற்கு முன் கணினி எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் போனால் மேலே சொன்னவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால், அப்போது கேபிளையும் வைஃபையையும் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.